கீப்பர் விஷயமாகக் கேட்பவர்களுக்கு

 

நீளமான பதிவு. ஹட்டன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவர்கள் நோர்வூட் வருவதற்குள் வாசித்து முடித்துவிடலாம்.

எங்கள் பாடசாலையின் 17 வயதுக்குட்பட்ட கிரிக்கெட் அணியில் விக்கெட் காப்பாளரை மாற்றியது பற்றி ஒரு வாரமாக ஊரில் விசாரணை நடக்கிறது. சலூனில் கேட்டார்கள். பேக்கரியில் கேட்டார்கள். ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடும்போதும் கேட்டார்கள். பெற்றார் கூட்டத்துக்கு அழைத்தால் முப்பது பேர் வருவதில்லை. இதற்கு மட்டும் ஊரே வந்து நிற்கிறது. சந்தோஷம்தான். ஆனால் ஒருவருக்குச் சொன்ன பதில் மறுநாள் வேறு உருவத்தில் எங்களிடமே திரும்பி வருகிறது. அதனால் அணியைப் பார்த்துக்கொள்ளும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே தடவையில் எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம். எங்களில் ஒருவர் சுகாதாரமும் உடற்கல்வியும் படிப்பிப்பவர். மற்றவர் கணிதம். ஸ்கோர் புத்தகம் அவர் கையில் இருப்பது அதனால்தான்.

பையன்களின் பெயர்களை எழுதமாட்டோம். ஊரில் எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு விஷயம். இரண்டு வீட்டிலும் வாசித்துக் காட்டி, போடலாம் என்று சொன்ன பிறகுதான் இதைப் போடுகிறோம். பெரியவன் என்று எழுதினால் தரம் 11இல் இருப்பவன்; பஸாரில் கடை வைத்திருப்பவரின் மகன்; இரண்டு வருடமாக எங்கள் கீப்பர். சின்னவன் தரம் 10. தோட்டத்திலிருந்து தினமும் நடந்து வருபவன்.

கிரிக்கெட் தெரியாத தாய்மாரும் இதை வாசிப்பதால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஓர் அணியில் நல்ல பந்துவீச்சாளர்கள் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரையும் விளையாட விடலாம். துடுப்பாட்ட வீரர் ஒருவர் கூடுதலாக இருந்தால் எங்கேயாவது நுழைக்கலாம். விக்கெட்டுக்குப் பின்னால் மட்டும் ஒருவர்தான் நிற்க முடியும். உதைபந்தாட்டத்தில் கோல் காப்பாளருக்கும் இதே கதைதான். இரண்டு பேர் நன்றாகச் செய்தால் ஒருவர் உட்கார வேண்டும். வேலையும் இலேசானதல்ல. 50 ஓவர் என்றால் 300 தடவை குந்தி எழ வேண்டும். 299 பந்தைப் பிடித்தவனை யாரும் பார்ப்பதில்லை. ஒன்றை விட்டால் மைதானமே பார்க்கும்.

எங்கள் மைதானத்தில் அது இன்னும் கொடுமை. மஸ்கெலியாவில் சமமான நிலம் எவ்வளவு கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கீப்பருக்குப் பின்னால் பதினைந்து அடிக்குள் சரிவு ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே தேயிலை. விட்ட பந்து செடிகளுக்குள் இறங்கினால் நான்கு பேர் அட்டைக் கடியோடு அரை மணித்தியாலம் தேட வேண்டும். மிஸ்ட் இறங்கிவிட்டால் பந்தை மறந்துவிட வேண்டியதுதான். கடினப்பந்து ஒன்றின் இன்றைய விலையில் இரண்டு பந்து தொலைந்தால் அந்த மாதப் பயிற்சி அத்தோடு நிற்கும். ஆகவே எங்களுக்கு கீப்பர் என்பவர் பாதி விளையாட்டு வீரர், பாதி கணக்காளர்.

பெரியவன் நல்ல கீப்பர். இதை முதலில் சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் அவனைக் குறைத்துப் பேசித்தான் மற்றவனை எடுத்தோம் என்று ஒரு கதை ஓடுகிறது. நோன்பு பிடித்துக்கொண்டே பின்னேரம் இரண்டு மணித்தியாலம் குந்தி எழுந்தவன் அவன். தாகத்தில் உதடு வெடித்திருக்கும். "உட்காருடா" என்றால் உட்காரமாட்டான். அவனுடைய வாப்பா கொழும்பில் தேடி வாங்கிக் கொடுத்த கையுறை அவனிடம் இருக்கிறது. பாடசாலைக்கென்று இருப்பது ஒரே ஒரு சோடி. பழைய மாணவர் ஒருவர் எப்போதோ கொடுத்தது. இடது உள்ளங்கையில் ரப்பர் போய்விட்டது.

சின்னவனுக்குக் கையுறையே பழக்கமில்லை. மழை பிந்தி மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கும் மாதங்களில், வெடித்துக் கிடக்கும் அந்த மண்ணில் தோட்டத்துப் பையன்கள் டென்னிஸ் பந்தில் விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கிக் கிடக்கும் பக்கம். அங்கே பந்து குத்தினால் எந்தப் பக்கம் எழும்பும் என்று போட்டவனுக்கும் தெரியாது. அதில் ஆறேழு வருடம் வெறும் கையோடு பின்னால் நின்றவன் அவன். கடைசி நொடி வரைக்கும் கையை நீட்டாமல் காத்திருக்கிறான். எங்களைப் போன்றவர்கள் சொல்லிக்கொடுத்து வருகிற பழக்கம் இல்லை அது. அந்த மண் சொல்லிக் கொடுத்தது.

எப்படித் தெரிவு செய்தோம்? மூன்று பின்னேரம். இரண்டு பேருக்கும் அதே பந்துவீச்சாளர்கள், அதே பந்து, ஒவ்வொருவருக்கும் 60 பந்துகள். கையுறையும் ஒன்றுதான்: பாடசாலையின் அந்தக் கிழிந்த சோடி. பெரியவனிடம் சொந்தக் கையுறையை வைத்துவிட்டு வரச் சொன்னோம். முகம் சுளித்தான், ஆனால் செய்தான். சரிவுக்குள் போன பந்துகளை எண்ணினோம், லெக் சைட் பந்துகளைத் தனியாகக் குறித்தோம். கணித சேர் எழுதிய தாள் அலுவலகத்தில் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம். பெரியவன் ஒன்பது பந்துகளை விட்டான். சின்னவன் நான்கு.

பெருந்தெருவிலும் லயத்து வாசலிலும் விளையாடும்போது ஒரு சட்டம் உண்டே, மட்டை யாருடையதோ அவன்தான் முதலில் அடிப்பான், கோபம் வந்தால் மட்டையோடு ஆட்டத்தையும் எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று? அதில் நாங்களும் வளர்ந்தவர்கள்தான். பாடசாலை அணிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்பதற்காகத்தான் ஒரே கையுறையில் வைத்துப் பார்த்தோம்.

சரி, பெரியவன் என்ன ஆவான்? இதற்கு நாங்கள் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. நாடே பார்த்த ஒரு கதை இருக்கிறது.

களுவிதாரனவை எங்கள் வயதுக்காரர்கள் மறக்கமாட்டார்கள். 1992இல் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக முதலாவது டெஸ்ட், அதிலேயே ஆட்டமிழக்காமல் 132. 1996 உலகக் கிண்ணத்தில் ஜயசூரியவோடு ஆரம்பத் துடுப்பாட்ட வீரர். அப்படிப்பட்டவரின் இடத்துக்கு 2000ஆம் ஆண்டு ஜூலையில் கண்டி திரித்துவக் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர், 22 வயதில், வந்தார். குமார் சங்கக்கார. அதன் பிறகு ஆறு வருடம் பெரும்பாலும் கையுறை அவரிடம்தான். முரளியின் பந்தை விக்கெட்டுக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டிய வேலை. நம் மலையக வம்சாவளியில் வந்த அந்த மனிதனின் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று உலகமே குழம்பிக்கொண்டிருந்தபோது, அதைத் தினமும் குந்தி நின்று பிடித்தவர்கள் இந்தக் கீப்பர்கள்தான். அவர்களைப் பற்றி யாரும் தனியாகப் பேசுவதில்லை.

இதற்கிடையில் இன்னொருவர் காத்துக்கொண்டிருந்தார். பிரசன்ன ஜயவர்தன. மஹேலவுக்கு உறவில்லை, பெயர் மட்டும்தான். 1998இல் இங்கிலாந்து சுற்றுப்பயணத்துக்குக் கூட்டிப்போனபோது அவருக்கு 18 வயது. 2000இல் முதலாவது டெஸ்ட். பிறகு சங்கக்கார வந்துவிட்டார். இடையிடையே ஒரு சில போட்டிகள் கிடைத்தன, அவ்வளவுதான். கையுறை வேலையை மட்டும் பார்த்தால் அந்தக் காலத்தில் இலங்கையில் அவரை விடச் சிறந்தவர் இல்லை என்பது எங்கள் அபிப்பிராயம். சண்டை பிடிக்க விரும்புகிறவர்கள் கீழே எழுதலாம்.

2006இல் டெஸ்ட் போட்டிகளில் சங்கக்கார கையுறையைக் கழற்றினார். பிரசன்ன பின்னால் நின்றார். அந்த ஜூலை மாதம் தென்னாபிரிக்காவுக்கு எதிராக எஸ்.எஸ்.சி.யில் என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? சங்கக்கார 287, மஹேல 374, இரண்டு பேரும் சேர்ந்து 624. டெஸ்ட் வரலாற்றில் அதைவிடப் பெரிய இணைப்பாட்டம் இல்லை. நாள் முழுக்கக் குந்தி எழுந்த கால்களோடு அப்படி அடிக்க முடியுமா? காப்பாளராக விளையாடிய 48 டெஸ்ட்களில் சங்கக்காரவின் சராசரி 40 அளவில். அந்த வேலை இல்லாமல் விளையாடிய 86 டெஸ்ட்களில் 66க்கு மேல். 38 சதங்களில் 31 கையுறை இல்லாமல் வந்தவை. ஒருநாள் போட்டிகளில் அவர் தொடர்ந்தும் காப்பாளராக நின்றார் என்பதையும் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார் என்று கதையை இனிப்பாக்கத் தேவையில்லை.

பிரசன்னவும் சும்மா இருக்கவில்லை. 58 டெஸ்ட், நான்கு சதம். 2009இல் அகமதாபாத்தில் இந்தியாவுக்கு எதிராக மஹேலவோடு ஆறாவது விக்கெட்டுக்கு 351. அப்போது அது உலக சாதனை.

பெரியவன் துடுப்பாட்டத்தில் எங்கள் அணியில் முதலாவது ஆள். ஆனால் முதலில் களத்தடுப்பு என்றால், கீப்பிங் செய்து முடித்த களைப்பில் ஐந்தாவதாகத்தான் இறங்குவான். இனி மூன்றாவதாக இறங்குவான் என்று சொன்னோம். சங்கக்கார இறங்கிய இடம். அவனுக்கு அது ஆறுதலாக இருந்ததா? இல்லை. "சங்கக்காரவ யாரும் கழட்டச் சொல்லி வாங்கினாங்களா சேர்?" என்று கேட்டான். பதினாறு வயதுப் பையனின் கேள்வி. எங்களிடம் நல்ல பதில் இருக்கவில்லை. உண்மையை மட்டும் சொன்னோம்: அவன் ஒன்பது விட்டான், மற்றவன் நான்கு விட்டான்.

இதைப் பட்டியல் ஒட்டுவதற்கு முதல் நாளே அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மைதானத்து ஓரக் கல்லில் உட்கார வைத்துச் சொன்னோம். நாங்கள் படித்த காலத்தில் அப்படி இல்லை. அறிவித்தல் பலகையில் தாள் ஏறும். மேலிருந்து கீழே விரல் வைத்துத் தேடுவோம். பெயர் இல்லை என்றால், ஒருவேளை பின் பக்கத்தில் இருக்குமோ என்று தாளைத் தூக்கிப் பார்த்தவர்களும் உண்டு. ஏன் இல்லை என்று கேட்க எவரிடம் போவது என்று தெரியாது. கல்வியியற் கல்லூரியில் சிறுவர் உளவியல் என்று இரண்டு வருடம் குறிப்பு எழுதினோம். அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்தது கற்றுக்கொடுத்த அளவுக்கு அந்தக் குறிப்புகள் கற்றுக்கொடுக்கவில்லை.

இனி, எங்களிடம் வந்தவர்களில் பாதிப் பேர் சொன்ன வாதத்துக்கு வருவோம். நியாயமான வாதம்தான், அதனால் கொஞ்சம் விரிவாக.

"சேர், பெரியவனுக்கு இது கடைசி வருஷம். சாதாரண தரம் எழுதிட்டுப் போயிருவான். சின்னவனுக்கு அடுத்த வருஷம் இருக்கே. அவன் பொறுக்கட்டும்."

கேட்க நன்றாக இருக்கிறது. கையுறையை வைத்திருந்த வரிசைப்படி கொடுத்தால் யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. ஆனால் "அடுத்த வருஷம்" என்ற சொல்லைத் தோட்டத்துப் பிள்ளைகளிடம் சொல்லும்போது நாங்கள் யோசித்துத்தான் சொல்கிறோம். வீடு அடுத்த வருஷம். ரோடு அடுத்த வருஷம். விஞ்ஞான டீச்சர் அடுத்த வருஷம். அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் சொல் அது. கடந்த இரண்டு வருடத்தில் தரம் 10இல் எங்கள் அணியில் இருந்த மூன்று பையன்கள், தரம் 11க்கு வரவில்லை. ஒருவன் புறக்கோட்டையில் துணிக்கடையில். ஒருவன் வெள்ளவத்தையில் சாப்பாட்டுக் கடையில். மற்றவன் எங்கே என்று தாய்க்கே சரியாகத் தெரியாது. பெருநாளுக்கும் தீபாவளிக்கும் போன் வரும். நல்ல களத்தடுப்பாளர்கள். "அடுத்த வருஷம் உன்னை எடுக்கிறோம்" என்று மூன்று பேருக்கும் அப்போதிருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள்.

பிரசன்ன ஆறு வருடம் காத்திருந்தாரே என்று எங்களிடம் திருப்பிக் கேட்டார் ஒரு நண்பர். காத்திருந்தார். ஆனால் எங்கே காத்திருந்தார்? கழக அணியில் வாரம் தவறாமல் விளையாடிக்கொண்டு காத்திருந்தார். கையில் கையுறை இருந்தது, முன்னால் ஒரு போட்டி இருந்தது.

தினேஷ் கார்த்திக்கை எடுத்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்து ஆள், சென்னைக்காரர். 2004 செப்டெம்பரில் லோர்ட்ஸில் முதலாவது ஒருநாள் போட்டி, அதே வருடம் நவம்பரில் மும்பையில் அவுஸ்திரேலியாவோடு முதலாவது டெஸ்ட். வயது 19. டிசம்பரில் மகேந்திர சிங் தோனி என்றொருவர் ஒருநாள் அணிக்குள் வந்தார். முதல் போட்டியில் பூச்சியத்தில் ரன் அவுட். அடுத்த வருடம் ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் பாகிஸ்தானுக்கு 148, ஒக்டோபரில் ஜய்ப்பூரில் நமக்கு 183 (அந்த இரவை நாங்கள் மறக்க முயன்றுகொண்டிருக்கிறோம்). 2005 டிசம்பரில் கார்த்திக்கின் சொந்த ஊரான சென்னையிலேயே, இலங்கைக்கு எதிராக, தோனி டெஸ்ட் அணியின் காப்பாளராக இறங்கினார். கார்த்திக்கின் கதை முடிந்தது என்று எழுதினார்கள்.

அவர் என்ன செய்தார்? 2007இல் இங்கிலாந்தில் ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக இறங்கினார். அந்தத் தொடரை இந்தியா வென்றது, இந்தியாவுக்காக அதிக டெஸ்ட் ஓட்டங்கள் எடுத்தவர் அவர்தான். பிறகு மறுபடி வெளியே. 2010 ஜனவரிக்குப் பிறகு அடுத்த டெஸ்ட் 2018 ஜூனில். எட்டு வருடம்! அந்த எட்டு வருடமும் தமிழ்நாடு அணி இருந்தது, ரஞ்சிக் கிண்ணம் இருந்தது, ஐ.பி.எல். இருந்தது. 2018 மார்ச் 18ஆம் திகதி பிரேமதாச மைதானத்தில் சுதந்திரக் கிண்ண இறுதிப் போட்டி. தோனிக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள், அதனால் கையுறை கார்த்திக்கிடம். இரண்டு நாளுக்கு முன்னர்தான் பங்களாதேஷ் நம்மை வெளியே அனுப்பியிருந்தது; எனவே அன்றைக்கு மைதானம் முழுக்க இந்தியாவின் பக்கம். எங்கள் பேக்கரியிலும்தான். 12 பந்தில் 34 தேவை என்ற நிலையில் இறங்கினார். கடைசிப் பந்தில் 5 தேவை. எக்ஸ்ட்ரா கவருக்கு மேலாக ஆறு. 8 பந்தில் 29. பேக்கரிக்காரர் அன்றைக்கு இஞ்சி பிளேன்டிக்குக் காசு வாங்கவில்லை.

அமெரிக்காவிலும் இப்படி ஒரு கதை இருக்கிறது. எங்கள் உயர்தர மாணவன் ஒருவன் போனில் காட்டினான். அவர்களுடைய கால்பந்து நம்முடைய உதைபந்து இல்லை, கையால் எறிந்து விளையாடுவது. அதில் குவாட்டர்பேக் என்று ஒருவர். கிட்டத்தட்ட ஒவ்வொரு ஆட்டமும் அவர் கையிலிருந்துதான் தொடங்கும், அவரும் ஒரு நேரத்தில் ஒருவர்தான். பல்கலைக்கழக அணிகளின் விளையாட்டுக்கே இலட்சம் பேர் வரை வந்து உட்காருகிறார்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் ஜேலன் ஹர்ட்ஸ் என்ற மாணவர் இரண்டு வருடம் அந்த இடத்தில் இருந்தார். 2018 ஜனவரி 8, தேசிய இறுதிப் போட்டி. இடைவேளையில் 13க்கு 0 என்று பின்தங்கியதும் பயிற்றுவிப்பாளர் அவரை உட்கார வைத்து, முதலாம் வருட மாணவரான டுவா டகோவைலோவாவை இறக்கினார். வென்றார்கள். அடுத்த பருவம் முழுக்க டுவாதான். ஹர்ட்ஸ் விட்டுவிட்டுப் போகவில்லை. அதே வருடம் டிசம்பரில், அதே எதிரணி, அதே மைதானம். டுவா காயப்பட, பின்தங்கியிருந்த ஆட்டத்தில் ஹர்ட்ஸ் இறங்கி வென்று கொடுத்தார். பிறகுதான் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2025 பெப்ரவரியில் அவர்களுடைய சூப்பர் போல் இறுதிப் போட்டியின் சிறந்த வீரரும் அவரே.

இதை வாசித்துவிட்டு "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்று எங்களுக்கு எழுதிவிடாதீர்கள். அந்த மாணவர் உட்கார்ந்திருந்த ஒரு வருடமும் அவருடைய படிப்பும் சாப்பாடும் பயிற்சியும் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. அங்கே இரண்டாவது ஆளுக்கும் கட்டில் இருக்கிறது, கையுறை இருக்கிறது, காலை எழுப்ப ஆள் இருக்கிறது. கார்த்திக்குக்கும் பிரசன்னவுக்கும் அப்படித்தான். நம் பிள்ளைக்கு இரண்டாவது இடம் என்றால், பின்னேரம் மூன்று மைல் நடந்து வீட்டுக்குப் போவது. அடுத்த வாரம் வருவதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போவது.

ஆகவே நாங்கள் யோசித்தது, யார் பொறுப்பது என்பதை விட, பொறுக்கிறவனுக்கு எங்களால் என்ன கொடுக்க முடியும் என்பது. பெரியவனை உட்கார வைத்தால் அவனுக்கு மூன்றாம் இடத்துத் துடுப்பாட்டம் இருக்கிறது, அணியில் ஒவ்வொரு போட்டியும் இருக்கிறது. சின்னவனை உட்கார வைத்தால் அவனுக்குத் தண்ணீர்ப் போத்தல் தூக்குவது மட்டும்தான் இருந்தது. அவன் துடுப்பாட்டத்தில் இன்னும் பதினோராவது ஆள். கணக்கு அவ்வளவுதான். அத்தோடு பெரியவன்தான் எங்கள் இரண்டாவது கீப்பர். சின்னவனின் விரலில் அடிபட்டால் அவன் நிற்பான். புதன்கிழமைப் பயிற்சியில் இருவரும் மாறி மாறி நிற்கிறார்கள், 30 பந்துக்கு ஒரு தடவை. லெக் சைட் பந்துக்குக் காலை எப்படி நகர்த்துவது என்று சின்னவனுக்குச் சொல்லித் தரும்படி பெரியவனிடம் கேட்டிருக்கிறோம். இன்னும் பதில் சொல்லவில்லை.

பெரியவனின் வாப்பா பாடசாலைக்கு வந்தார். கோபமாகத்தான் வந்தார், ஆனால் மரியாதையாகப் பேசினார். தாளைக் காட்டினோம். நீண்ட நேரம் பார்த்தார். வியாபாரி அல்லவா, எண்களைப் பார்த்தால் விளங்கும். "சேர், கணக்கு சரி. புள்ளட மொகத்த வீட்ல பாக்கேலாம இருக்கு" என்றார். மகனின் கையுறையை இனி வீட்டில் வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அது அவர்களுடைய சாமான். அவர் காசு. அதில் நாங்கள் வாய் திறக்க உரிமை இல்லை, சிலர் பேஸ்புக்கில் அவரைப் பற்றி எழுதியது எங்களுக்குப் பிடிக்கவில்லை. தயவுசெய்து அழித்துவிடுங்கள்.

சின்னவனின் அம்மா வேறு மாதிரி. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு அப்படியே வந்திருந்தார். "சேர், இதனால நம்ம பயலுக்கு டவுன்ல ஒன்னும் பிரச்சின வராதுங்களா? வேணாம்னா வேணாம்னு சொல்லிருங்க சேர், அவன் ஒன்னும் நெனச்சிக்க மாட்டான்" என்றார். அன்று இரவு எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பிள்ளை திறமையால் ஒன்றைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு தாய் பயப்பட வேண்டியிருக்கிறது.

அந்தப் பயத்துக்குக் காரணமான பேச்சும் எங்கள் காதுக்கு வந்தது. எங்களில் ஒருவரின் பெயரை வைத்து, "நம்மட புள்ளைய விட்டுட்டாரே" என்று ஒரு பக்கம். "பரவாயில்லையே, நாநா நம்ம பயல எடுத்துருக்காரு" என்று மறுபக்கம். முதலாவது குற்றச்சாட்டு, இரண்டாவது பாராட்டு என்று நினைக்காதீர்கள். இரண்டும் ஒன்றுதான். இரண்டு பேச்சிலும் அந்தப் பையன் விடாமல் பிடித்த 56 பந்துகள் இல்லை. மூன்று பின்னேரம் மழையில் நின்று எண்ணியவர்களுக்கு அது வலிக்கும்.

பெரியவன் நான்கு நாள் பயிற்சிக்கு வரவில்லை. பாடசாலைக்கு வந்தான், வகுப்பில் இருந்தான், மணியடித்ததும் போய்விட்டான். நாங்கள் ஆள் அனுப்பவில்லை. கோபப்படுவதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது, அதற்கு நான்கு நாள் அதிகமில்லை. ஐந்தாம் நாள் கால் பேட் கட்டிக்கொண்டு வந்து வலையில் துடுப்பெடுத்தாடினான். பந்து பந்தாக அடித்தான்; அதில் ஒன்று தேயிலைக்குள் போய் இன்னும் கிடைக்கவில்லை. எங்களோடு பேசவில்லை. சின்னவனோடும் பேசவில்லை.

போகும்போது சின்னவனின் பைக்குப் பக்கத்தில் எதையோ வைத்துவிட்டுப் போனான். கையுறை என்று நினைத்தோம். இல்லை. கையுறைக்கு உள்ளே போடும் பருத்தி உறைகள், ஒரு சோடி, துவைத்தது. நம்முடைய கிழிந்த கையுறையின் இடது உள்ளங்கையில் அதைப் போட்டால் எரிச்சல் கொஞ்சம் குறையும். இரண்டு வருடம் அதே உள்ளங்கையில் பந்து பிடித்தவனுக்கு எங்கே எரியும் என்று தெரியும்.

இப்போது உங்களிடம் ஓர் உதவி. வெளிநாட்டிலும் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கும் பழைய மாணவர்களே, உங்கள் வீட்டில், நண்பர் வீட்டில், பாவிக்காமல் கிடக்கும் விக்கெட் காப்பாளர் கையுறை இருந்தால் அனுப்புங்கள். பெரியவர்களுடைய அளவு வேண்டாம், கை உள்ளே நீந்தும். இளைஞர் அளவு. தையல் விட்டிருந்தால் பரவாயில்லை, பஸாரில் செருப்புத் தைப்பவர் நன்றாகத் தைத்துத் தருகிறார். உள்ளங்கை ரப்பர் மட்டும் இருக்க வேண்டும். முடிந்தால் இரண்டு சோடி. பாடசாலை அலுவலகத்தில் கொடுத்தால் பற்றுச்சீட்டு தருவார்கள். இருப்புப் புத்தகத்தில் பதிவோம். பயிற்சி முடிந்ததும் அலுமாரிக்குள் போகும். எவருடைய வீட்டுக்கும் போகாது.

சனிக்கிழமை பின்னேரம் 3 மணிக்குப் பயிற்சி. மழை என்றால் மண்டபத்தில், டென்னிஸ் பந்தில். பார்க்க வருபவர்கள் சரிவுப் பக்கம் நின்றால் நல்லது. பந்து பொறுக்க ஆள் போதாது.